வெளுத்துக்கொண்டே வந்த இளஞ்சிவப்பு

லேப் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். அறிவுரை எனக்கு வராது. எழுதினாலும் நீங்கள் படிக்கப் போவதில்லை; உங்கள் வயதில் நானும் படித்ததில்லை. அதனால் எச்சிலைப் பற்றி எழுதுகிறேன். முகத்தைச் சுளிக்காதீர்கள். இன்றைக்கு நீங்கள் ஒரு சொட்டு எச்சிலை மெஷினுக்குள் வைத்து, அதில் மருந்து எவ்வளவு, ஹார்மோன் எவ்வளவு என்று மளமளவென்று எண் எடுத்துக் கொடுக்கிறீர்கள். ஊசி குத்தாமலே உடம்பின் சேதி தெரிகிறது என்று பெருமைப்படுகிறீர்கள். அதே பெருமை எண்பதுகளின் தொடக்கத்தில், மதுரையில் ஒரு பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் பின்பக்க அறையில் எங்களுக்கும் இருந்தது.

எங்கள் டாக்டர் சிறுநீரக நோய்களைப் பார்ப்பவர். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு ரத்தத்தில் யூரியா ஏறும் என்பது உங்களுக்குத் தெரியும். அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க அடிக்கடி ரத்தம் எடுக்க வேண்டும். ஏற்கெனவே சோகை பிடித்து வெளிறிப்போனவர்கள் எங்கள் ஊசியைக் கண்டாலே கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவார்கள். ரத்தத்தில் ஏறும் யூரியா எச்சிலிலும் ஏறும், அதை அளந்தால் போதாதா என்பது டாக்டரின் எண்ணம். எச்சிலில் மருந்தைக் கலந்து கொதிக்கும் தண்ணீரில் நிறுத்தினால் மெல்ல ஓர் இளஞ்சிவப்பு எழும். யூரியா கூடினால் நிறம் அடர்த்தி, குறைந்தால் வெளிர். அந்த நிறம் எழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஒன்றுமில்லாத தண்ணீருக்குள் யாரோ மெதுவாக விழிப்பதுபோல இருக்கும்.

எச்சில் வாங்குவது லேசான காரியமில்லை. துப்புங்கள் என்றால் மனுஷருக்கு வாய் வறண்டுவிடும். அதிலும் பெண்கள், ஒரு மூன்றாம் ஆள் முன்னால் துப்ப எப்படிக் கூச்சப்படுவார்கள் என்று நினைத்துப் பாருங்கள். வாயில் புளியைப் போட்டால் ஊறும், ஆனால் கணக்கு கெட்டுவிடும். அதனால் நான் புளியை வாயில் போடாமல் பேச்சில் போடுவேன். மத்தியான நேரம் வார்டில் காற்றாடி சுற்றிக்கொண்டிருக்கும். கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, கிளிமூக்கு மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டு முதல் கடி கடிக்கிறதைப் பற்றி நிதானமாகச் சொல்லுவேன். அடுத்து நெல்லிக்காய், அதற்கடுத்து கொடுக்காப்புளி. எதிரே இருப்பவர்களுக்குக் கண் பாதி மூடிக்கொள்ளும். உப்பே கூடாது என்று வைத்திருக்கிற நோயாளிகளிடம் போய் இப்படிப் பேசுகிறாளே பாவி என்று நர்ஸ்கள் திட்டுவார்கள். நான் பேசி முடிப்பதற்குள் பக்கத்துக் கட்டிலுக்கும் சேர்த்து ஊறியிருக்கும். எனக்கும்தான். எம்.எஸ்சி. படித்ததற்கு மாங்காய் வியாபாரம் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

ஒச்சம்மாள் அப்படித்தான் எனக்குப் பழக்கமானாள். உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். முதல் பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமாகி, அதில் சிறுநீரகம் அடிபட்டு, எங்களிடம் வந்து சேர்ந்தாள். பிழைத்தாள். யூரியா பாதி இறங்கி அதற்குமேல் இறங்காமல் நின்றுவிட்டது. குழந்தை ஊரில் மாமியாரிடம், இவள் இங்கே கட்டிலில். பால் கட்டி நெஞ்சு வலிக்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஒரு நாள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, எம்புள்ள என் மொகத்த மறந்துருமா?" என்று கேட்டாள். நான் மாங்காயை நிறுத்திவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நேரே டாக்டரிடம் போய், இவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு எச்சிலை மட்டும் வரவழைத்துப் பார்த்தால் என்ன என்று கேட்டேன். அவரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாராம்.

ஏற்பாடு இதுதான். உப்பில்லாத, பருப்புக் குறைத்த சாப்பாட்டோடு அவள் ஊரில் இருக்க வேண்டும். சனிக்கிழமைதோறும் காலையில் அவள் எச்சிலை டியூபில் பிடித்து, ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து, அவள் புருஷன் பாண்டி பஸ்ஸில் கொண்டுவர வேண்டும். நான் பார்த்துச் சீட்டு எழுதித் தருவேன். எண் ஏறினால் உடனே அவளை அழைத்து வந்துவிட வேண்டும். ஏறினால் தாமதம் கூடாது, உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் பாண்டியிடம் அழுத்திச் சொன்னார். டியூபில் நீல மையால் ஒரு கோடு போட்டு, இதுவரைக்கும் நிரம்பியிருக்க வேண்டும், குறைந்தால் சோதனை சரியாக வராது என்றும் சொன்னார். பாண்டி கோட்டைத் தொட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினான். அவன் மாட்டுத் தரகன். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆள்.

முதல் இரண்டொரு வாரம் எண் நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு இறங்க ஆரம்பித்தது. சனிக்கிழமை மத்தியானம் கொதிக்கும் தண்ணீரிலிருந்து அவள் டியூபை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பேன். ஒவ்வொரு வாரமும் அந்த இளஞ்சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டே வந்தது. முதலில் செம்பருத்தி, அப்புறம் தாமரை, அப்புறம் விடிகிற நேரத்து வானம். எனக்குக் கனவுகூட அந்த நிறத்தில் வந்தது. ஒச்சம்மாள் வாசலில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள், அவள் சேலை அந்த நிறம், சுவர் அந்த நிறம், ஆகாயம் அந்த நிறம். சொன்னால் சிரிப்பீர்கள். தான் அளந்த ஒன்று தான் ஆசைப்பட்டபடியே வரும்போது உண்டாகும் கிறக்கம் லேபில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். டாக்டர் அந்த இறக்கத்தைப் பெரிய தாளில் வரைந்து அறையில் ஒட்டிவைத்திருந்தார். சென்னையில் டாக்டர்கள் கூடும் ஒரு கூட்டத்தில் அதைக் காட்டப்போவதாகவும் ஏற்பாடாகியிருந்தது.

அவர் சென்னைக்குக் கிளம்ப வேண்டிய நாளும் ஒரு சனிக்கிழமைதான். அன்றைக்கு வந்த டியூப் எல்லாவற்றையும்விட வெளிராக வந்தது. ஏறக்குறைய எனக்கும் உங்களுக்கும் இருக்கிற அளவு. ஓடிப்போய்ச் சொன்னேன். டாக்டர் கையைத் தட்டியே விட்டார். இனிமேல் அவள் உப்புப் போட்டுச் சாப்பிடலாம், பருப்பு சாப்பிடலாம், வாரா வாரம் வர வேண்டாம், மாசத்துக்கு ஒரு தடவை போதும் என்று எழுதித் தரச் சொன்னார். சீட்டை எழுதி எடுத்துக்கொண்டு லேபுக்குத் திரும்பினேன். ஜன்னலுக்கு வெளியே பாண்டி காலிப் பிளாஸ்கோடு காத்து நின்றான்.

மேஜைமேல் மீதி எச்சில் இருந்தது. கழுவ எடுத்தவள் நின்றுவிட்டேன். எவ்வளவு மீதி! டியூப் கோட்டைத் தாண்டி வழிய வழிய வந்திருந்தது. வார்டில் நான் ஊரிலுள்ள மாங்காயெல்லாம் சொல்லித் தீர்த்தும் நுரையாக ஒரு விரற்கடை கொடுக்கிறவள், வீட்டுக்குப் போனதும் ஊற்றெடுக்கிறாளா? வெளிச்சத்தில் பிடித்தேன். லேசாக ஒரு சிவப்பு ஓடியிருந்தது. இந்த நோயில் ஈறு கசியும், அந்த ரத்தமாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். அப்படி எண்ணிக்கொள்ளத்தான் எனக்கு ஆசை. ஆனாலும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். வெற்றிலை வாசம்.

ஜன்னலண்டை போய், ஒச்சம்மாள் வெற்றிலை போடுவாளா என்று பாண்டியிடம் சாதாரணமாகக் கேட்டேன்.

"அவளுக்கு வெத்தல ஆகாதுக்கா. கஞ்சித்தண்ணியே தங்க மாட்டேங்குது. குடிச்சதெல்லாம் வாந்தி."

எனக்குக் கையிலிருந்த சீட்டு கனத்தது. வாந்தி எடுக்கிறாள் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சீட்டில் குறைந்துவிட்டது என்றுதானே எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் வாந்தியும் தானாக நின்றுவிடும் என்று நினைத்தோம் என்றான். பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நாம் எழுதிக்கொடுக்கிற எண் சேதி சொல்வது மட்டுமில்லை, நோயாளியின் வாயையும் அடைத்துவிடும். நல்ல எண் கையில் இருந்தால், எனக்கு முடியவில்லை என்று சொல்ல அவர்களுக்கே கூச்சமாகிவிடும்.

இந்த எச்சில் யாருடையது தம்பி என்று கேட்டேன். அவன் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவனுக்குத் தெரியாது.

"அவளுக்கு ஏதுக்கா அம்புட்டு எச்சி? நாக்கே காஞ்சு கெடக்கு. அவ மொதல்ல கொஞ்சம் துப்புவா. பெறகு கோடு வரைக்கும் எங்கம்மா, நானு, தம்பி, தங்கச்சின்னு எல்லாரும் வாய் கொப்புளிச்சிட்டு வந்து துப்புவோம். கண்ணு கழிக்கயில வீடே துப்புனாத்தான பீட போகும், அவ ஒருத்தி துப்பி என்னாகும்னு எங்கம்மா சொல்லுச்சு."

திருஷ்டி கழிப்பது தெரியாதவர்கள் நம் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? உப்பும் மிளகாயும் தெருமண்ணும் எடுத்துத் தலையைச் சுற்றினால், நோயாளி மட்டுமா அதில் துப்புகிறார்? வீட்டில் உள்ள அத்தனை பேரும்தான் வரிசையாகத் துப்புவோம். என் அம்மாவும் எங்களை உட்காரவைத்து அப்படித்தான் செய்வாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் துப்பச் சொல்லி டியூப் கொடுக்கிறார்கள், கோடு வேறு போட்டிருக்கிறார்கள், நோய் போவதற்கு என்கிறார்கள். அந்த வீட்டுக்கு அதில் புரியாதது ஒன்றுமில்லை. விளக்கவில்லையே என்று எங்களுக்கும் தோன்றவில்லை, கேட்க வேண்டும் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை.

அப்புறம்தான் எனக்கு முழுசாக உறைத்தது. வாரா வாரம் அவள் வாய் இன்னும் வறண்டது. அவள் பங்கு குறையக் குறைய, ஆரோக்கியமான மற்றவர்களின் பங்கு கூடியது. யூரியா நீர்த்துப்போய் நிறம் வெளுத்தது. அவளுக்கு முடியாமல் போகப் போகத்தான் எங்கள் எண் அழகாகிக்கொண்டே வந்திருக்கிறது. நான் கனவு கண்ட அந்த நிறம் அவள் போய்க்கொண்டிருந்த நிறம்.

டாக்டர் அறையில் வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னேன். வெற்றிலை வாசத்தை வைத்தா சொல்கிறாய் என்று அவர் கேட்டார். கோபமாகத்தான் கேட்டார், அதை மறைக்க மாட்டேன். எத்தனை வாரத்து டியூபில் இப்படிக் கலந்தது, முதலிலிருந்தா, நடுவிலிருந்தா என்றார். பாண்டி சொல்வதைப் பார்த்தால் இறங்க ஆரம்பித்த நாளிலிருந்தே இருக்கும் என்றேன். அவர் சுவரில் இருந்த இறக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதுக்காரர்தான், அன்றைக்கு என் கண்முன்னால் வயதாகிப் போனார். நான் வேண்டுமானால் உசிலம்பட்டி போய் என் கையாலேயே ஒரு டியூப் பிடித்துவருகிறேன், சோதித்துவிட்டு முடிவு செய்யலாம் என்றேன்.

"டியூப் கொண்டு போகாதீங்கம்மா. ஆளைக் கொண்டு வாங்க," என்றார். "நாம நெனச்சது தப்புன்னா நல்லா இருக்கற ஒரு பொண்ணை வீணா அலைய விட்டோம்னு ஆகும். மன்னிப்புக் கேட்டுக்கலாம். சும்மா இருந்து அது தப்பாப் போச்சுன்னா யாருகிட்ட போய்க் கேக்கறது?"

நெருக்கடியில் முடிவெடுப்பது பற்றி அதற்கப்புறம் நான் எவ்வளவோ கேட்டிருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வேனில் நானும் ஒரு நர்சும் பாண்டியும் கிளம்பினோம். காளவாசலில் லாரிகளுக்கும் மாட்டு வண்டிகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றபோது பாண்டி பிளாஸ்கை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தான். ஊரைத் தாண்டியதும் நாகமலை கூடவே வந்தது. எத்தனை தூரம் போனாலும் அது பின்னால் போகாமல் ஜன்னலிலேயே நின்றது. வெயிலில் ரோட்டின் கோடியில் தண்ணீர் தேங்கிக் கிடப்பதுபோலத் தெரியும், கிட்டே போனால் இருக்காது, இன்னும் தள்ளி மின்னும். சோளத்தட்டை நின்ற காடுகளும் கரிசலும் மெல்ல மெல்ல நகர்ந்தன. வேன் ஓடவே இல்லை, நிலம்தான் எங்களுக்கு அடியில் ஊர்ந்தது என்று தோன்றியது. பாண்டி ஒரே ஒரு தடவை பேசினான். நாங்கள் ஏதும் தப்புச் செய்துவிட்டோமா அக்கா என்று கேட்டான். நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் ஒச்சம்மாள் பாயில் கிடந்தாள். முகம் வீங்கிக் கண் இரண்டும் கீறலாக இருந்தது. பக்கத்தில் குழந்தை கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ரொம்பத் தூரத்திலிருந்து வருவதுபோல "ம்" என்றாள். குனிந்ததும் அவள் மூச்சு என் முகத்தில் பட்டது. யூரியா முற்றியவர்களின் அந்த மூச்சு வாடையை ஒரு தடவை அறிந்தவர்கள் மறக்க மாட்டார்கள். எந்தக் கொதிதண்ணீரும் எந்த நிறமும் அதற்குத் தேவையில்லை.

அவள் மாமியார் வாசற்படியை மறித்து நின்றாள். "கொறஞ்சிருச்சு கொறஞ்சிருச்சுன்னு நீங்கதான தாயி சீட்டுக் குடுத்தீக. இப்ப வந்து தூக்கிட்டுப் போறேன்னா எப்படி? போன தடவ பச்சப்புள்ளைய விட்டுப்புட்டு எம்புட்டு நாளு கெடந்தா?" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. உன்னால்தானே இத்தனையும் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வெற்றிலைக் காவி ஏறிய அந்த வாயைப் பார்த்தேன். வாரந்தவறாமல் அதைக் கொப்புளித்துச் சுத்தம் செய்துகொண்டு, மருமகள் பிழைக்கட்டும் என்று துப்பிய வாய். கோபம் இறங்கிவிட்டது.

"அம்மா, அந்தச் சீட்டு பொய் சொல்லல," என்றேன். "நீங்க நல்லா இருக்கீங்க, பாண்டி நல்லா இருக்கான், வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கீங்கன்னு சொல்லுது. ஒச்சம்மா நல்லா இருக்கான்னு மட்டும் அது சொல்லல."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்ப நாங்க துப்புனதுதான் மறச்சிருச்சா தாயி?" என்று கேட்டாள். ஆமாம் என்பதுதான் உண்மை. ஆனால் கோட்டைப் போட்டுக் கொடுத்து நிரப்பச் சொன்னவர்கள் நாங்கள் என்பதும் உண்மை. இரண்டாவதை மட்டும் சொன்னேன். அவள் உள்ளே போய் மருமகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துத் தூக்கினாள். குழந்தையையும் எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் ரயிலுக்குப் போகவில்லை. நாங்கள் திரும்பியபோது ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றார். ரத்தத்தில் யூரியா நாங்கள் பயந்ததைவிடவும் மேலே இருந்தது. வயிற்றுக்குள் திரவம் விட்டுவிட்டு வடித்துக் கழிவை இறக்கும் சிகிச்சையை உடனே ஆரம்பித்தார். அவள் கண் முழித்து, குழந்தை எங்கே என்று கேட்கிற வரையில் அந்த வார்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. கேட்ட பிறகு நான் லேபுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சுவரிலிருந்த படத்தை டாக்டர் கிழிக்கவில்லை. அடியில், இது ஒரு வீட்டின் எச்சில் என்று எழுதிவைத்தார். பிற்பாடு வேறொரு கூட்டத்தில் அதை அப்படியே காட்டினாராம். எல்லோரும் சிரித்தார்களாம், அவர் சிரிக்கவில்லையாம்.

கொஞ்சம் தேறியதும் ரத்தத்தோடு சேர்த்து எச்சிலும் எடுக்க ஆரம்பித்தோம். இந்தத் தடவை கோடு இல்லை. வெடித்த உதட்டோடு அவள் வெகுநேரம் முயன்று இரண்டு சொட்டு கொடுத்தாள். மாமியார் எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்து, தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டு பார்த்தாள். அந்த இரண்டு சொட்டை அளவாகத் தண்ணீர் விட்டுப் பெருக்கிச் சோதித்தபோது நிறம் திகுதிகுவென்று ஏறியது. ஆபத்தான நிறம்தான், ஆனால் ரத்தம் சொன்ன கணக்கோடு ஒத்துப்போனது. அதில் அவள் மட்டும் இருந்தாள். கெட்ட எண்ணைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான். அந்த நிறம் இறங்க மாதங்கள் ஆயின. அவசரப்படாமல், நிஜமாகவே இறங்கியது.

மறுபடி வீட்டுக்கு அனுப்புகிற நாளில் டாக்டர் டியூபை எடுத்துப் பாண்டியிடம் நீட்டினார். மாமியார் குறுக்கே வந்து தானே வாங்கிக்கொண்டாள். முந்தானையில் முடிந்துகொண்டே டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"இனி அவளே துப்பட்டும் சாமி. கொஞ்சமா இருந்தாலும் அவளதே இருக்கட்டும். நாங்க எல்லாரும் வெளிய நின்னுக்கிறோம்."